விதி பதினொன்னுக்கு ஒரு திருத்தம்

இல்லம்மா, நேத்து நீங்க போட்டது செல்லாது. கையெழுத்துல குத்தமில்ல, காகிதம்தான் செல்லாது. பதினேழு வீட்டுக் கையெழுத்தும் போச்சு, என்னோடதும் சேத்து. லிஃப்ட் வேற நின்னு போச்சு, மறுபடியும் நாலு மாடி ஏறி எறங்கணும்... கொஞ்சம் உக்காரவா? ரெண்டு நிமிஷம்தான். அடுப்புல பால் இருந்தா பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன்.

நீங்க குடிவந்து ஒரு மாசம்தான் ஆச்சு, உங்களுக்குத் தெரியாது. நான் முப்பத்தோரு வருஷம் குடிமையியல் வாத்தியார். எழுதி முன்னால வச்சா அது மசோதா. விவாதம் பண்ணி, ஓட்டுப் போட்டு, ஒப்புதல் கெடச்சாத்தான் சட்டம். அப்புறம் மாத்தணும்னா அதுக்குப் பேரு திருத்தம். அஞ்சு மார்க் கேள்வி. பாதி வகுப்பு தூங்கும். வீட்ல சொன்னா என் வீட்டுக்காரி முழுசாவே தூங்கிடுவா.

இப்ப நம்ம கட்டட சங்கத்து விதி பதினொன்ன எடுத்துக்குங்க. "வீட்டில் எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது." எந்தத் தொழிலும். ஒரு விதிவிலக்கு உண்டா? கிடையாது. என் பொண்ணு வேலை பாத்த கம்பெனிய மூடிட்டாங்க. ரெண்டு கொழந்தையோட எங்ககிட்ட வந்துட்டா. கேக் செஞ்சு குடுக்க ஆரம்பிச்சா, நல்லாத்தான் போச்சு. மூணாம் மாசம் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, பதினஞ்சு நாள்ல நிறுத்தணும்னு. நான் அவளுக்கு ஆறுதலா, "இது குற்றவியல் சட்டம் இல்லம்மா, ஜெயில்ல போட மாட்டாங்க, வெறும் சங்கத்து விதிதான்"னேன். "அப்பா, நான் அடுப்ப அணைக்கணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க"ன்னா.

அதான் ஒரு திருத்தம் எழுதுனேன். அதுக்கு நாலுல மூணு பங்கு வீட்டுக் கையெழுத்து வேணும். இருவத்தி நாலு வீட்ல பதினெட்டு. நாலு வீடு பூட்டிக் கெடக்கு, ரெண்டு பேரு மாட்டேன்னுட்டாங்க. மிச்சம் மேல் வீட்டுத் தையக்காரம்மா ஒருத்தங்கதான். மூணு தடவ அவங்க கதவு வரைக்கும் போயி, பெல்ல அடிக்காமயே எறங்கி வந்தேன்.

ஏன்னா... இப்படி ஒரு விதிய எந்தப் புண்ணியவான் எழுதினான்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல இருக்கும். நான்தான்மா.

நாலு வருஷம் முன்னாடி அந்தத் தையக்காரம்மா மெஷின் சத்தம் என் தலைக்கு மேல. மத்தியானத் தூக்கம் போச்சு. ஒக்காந்து மசோதா எழுதுனேன். கூட்டத்துல ஒரு மணி நேரம் பேசுனேன். சீக்கிரம் வீட்டுக்குப் போனாப் போதும்னு எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க. அந்தம்மா மட்டும் எந்திரிச்சு, "ஐயா, மத்தியானம் ரெண்டு மணி நேரம் நிறுத்திக்கிறேன், அப்படி எழுதக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சட்டம் எல்லாருக்கும் பொது"ன்னேன். கை தட்டுனாங்க. மெஷின் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போச்சு. அவங்க தெனம் நடந்து போறாங்க, நான் தெனம் நல்லாத் தூங்குனேன்.

இன்னிக்குக் காலையில ஒரு வழியா பெல்ல அடிச்சேன். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க. பேப்பர வாங்கி, கண்ணாடியப் போட்டு, ஒரு வரி விடாமப் படிச்சாங்க. பதினேழு பேர்ல ஒருத்தரும் செய்யாத வேலை அது, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன். அப்புறம் மெதுவா கேட்டாங்க. "ஐயா, 'அடுப்பு சார்ந்த கைத்தொழில் மட்டும் விலக்கு'ன்னு போட்டிருக்கீங்களே. தையல் இதுல வருமா?"

வராதும்மா. என் பொண்ண நெனச்சேன், எழுதுனேன். அந்தம்மாகிட்டயே கையெழுத்துக் கேக்கப் போறோம், ஆனா அவங்க ஞாபகம் ஒரு வரியிலகூட வரல எனக்கு. வாத்தியாராம். பென்ஷன் வேற வாங்குறேன். எந்திரிக்கவும் முடியல, உக்காரவும் முடியல. அவங்க கோவிச்சுக்கவே இல்ல. "திருத்தி எழுதிட்டு வாங்க, போடறேன்"னு பேப்பரத் திருப்பிக் குடுத்தாங்க.

வாசகம் மாறினா பழைய கையெழுத்து செல்லாது. அதுவும் என் விதிதான், வேற யாரு. அதான் முதல்ல உங்க வீட்டுக்கு வந்தேன். "நெரிசல் இல்லாத எந்தக் கைத்தொழிலும் நடத்தலாம், சத்தம் வந்தா மத்தியானம் ரெண்டு மணி நேரம் நிறுத்தணும்." இங்க, கீழ போடணும்... பேனாவ அப்புறம் எடுங்கம்மா. மொதல்ல படிங்க. எழுதுனது நானு.