மார்கழிக் கெண்டை

மீன்குழம்பு மறுநாள்தான் ருசி. அமலோற்பவம் டீச்சருக்கும் அதே கருத்து. எங்களுக்குள் பகை என்று எதுவும் கிடையாது, சார்.

மார்கழி பிறந்தால் ஆரணியில் பாதி ஊர் கவிச்சி தொடாது. நெசவுக்காரத் தெருக்களில் என் கூடையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாதா கோயில் தெருதான் கதி. ஏரிக் கெண்டைக்குப் புழு வருவதும் அதே பனியில்தான். வெள்ளையாக, தட்டையாக, நாடா மாதிரி வயிற்றுக்குள் சுருண்டிருக்கும். நானே ஆய்ந்து, குடலோடு எறிந்துவிடுவேன். இந்த டிசம்பரில் டீச்சர் முழு மீனாகக் கேட்டு வாங்கிப்போய் வீட்டில் ஆய்ந்தார்.

மறுநாள் புழுவை ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் தெருவெல்லாம் காட்டினார்.

"இன்னா அய்யாக்கண்ணு, மீன் வித்துகினு கீறீங்களா, பட்டு நூல் வித்துகினு கீறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கேலி. அதன் பிறகு மூன்று நாள் ஒரு மீன் போகவில்லை. ஏரிக் குத்தகை என்னுடையது. கிறிஸ்துமஸ் போனால் வருடமே போச்சு.

நாலாம் நாள் டீச்சரே வந்தார். குரல் இறங்கியிருந்தது. மூன்று வருடமாக என் மீனைத்தான் தின்கிறார்.

"வயித்துல என்னமோ நெளியுதுங்க. கடையில கேக்க வெக்கமா இருக்கு. நீங்களே பூச்சி மருந்து வாங்கிக் குடுங்க."

குழந்தைக்குக் கொடுப்பதும் பூச்சி மருந்து. நெல்லுக்கு அடிப்பதும் பூச்சி மருந்து. டீச்சர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் இருந்தது மற்றது.

சின்ன பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்றம் அடிக்கிறதே என்றார்.

"மருந்துன்னா அப்பிடித்தான் டீச்சர். ஒரே மூச்சுல குடிச்சிடுங்க. ஜல்தியா கேக்கும்."

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் கணவர் யோவானும் பாதி குடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரித் தாள் இன்னும் வரவில்லை. அதற்குள் தெருவே முடிவு கட்டிவிட்டது, மீன்புழுதான் இரண்டு பேரையும் கொன்றதாம். இனி யாரும் கெண்டை வாங்கப் போவதில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். மீன் மேல் வீண்பழி வரக் கூடாது.

அந்தப் புழு மனிதரை ஒன்றும் செய்யாது, சார். மீன்வளத்துறை அலுவலர் போன வருடமே என்னிடம் சொன்னார். டீச்சரிடமும் யாராவது சொல்லியிருக்கலாம்.