கேட்டைத் தூக்கிச் சாத்தணும்

வேலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாய் வளர்க்கிற தோப்புக்கு நாலடி வேலி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ராஜபாளையத்து நாய் நின்ற இடத்திலிருந்தே நாலடியைத் தாண்டிவிடும். ஆறடி வேண்டும். அதற்கு மேலே ஒரு அடி கம்பி வலையை உட்பக்கமாக வளைத்துவிட வேண்டும். கீழே ஒன்றரை அடி பள்ளம் தோண்டி, வலையை உள்ளே இறக்கி, கல் போட்டு மூட வேண்டும். தாண்ட முடியாத நாய் தோண்டிப் பார்க்கும். வரதராஜ் முதலாளியின் மாந்தோப்பில் இதெல்லாம் நான் என் கையால் செய்தது. பத்தொன்பது வருஷமாக அங்கே காவல் இருக்கிறேன், ஒரு நாய்கூட வேலியைத் தாண்டியதில்லை. வெளியே போனது ஒன்றே ஒன்று. அது கேட் வழியாகப் போனது.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. காசிராஜன், வயது ஐம்பத்தெட்டு. முந்தாநாள் உங்களிடம் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. அல்லியையும் மாயனையும் ஊசி போட்டுக் கொன்றுவிடப் போகிறார்கள் என்று காலையில் உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். வெறி பிடித்த நாய்கள், ஆளைத் தின்னப் பழகியவை என்று எழுதியிருக்கிறார்களாம். அது தப்பு. அதுகளிடம் ஒரு குறையும் கிடையாது. அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்தேன்.

எங்கள் தோப்பு அய்யனார் கோவில் ரோட்டில் இருக்கிறது. பின்னால் காலனி. ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் காலனிக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், தோப்புக்குள் போனால் பத்து நிமிஷம். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே ஜனங்கள் நடக்கிற பாதை, அதனால் யாரும் அடைக்கவில்லை. பகலில் நாய்களைக் கம்பி அடைப்பில் போட்டுவிடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, மோட்டார் ரூம் முன்னால் தொங்குகிற தண்டவாளத் துண்டை ஆறு தட்டு தட்டுவேன். நடந்துகொண்டிருக்கிறவர்கள் வெளியே போகக் கால் மணி நேரம் கொடுத்துவிட்டு நாய்களைத் திறந்துவிடுவேன். கேட்டில் போர்டும் உண்டு. ஆறு மணிக்கு மேல் உள்ளே வரக் கூடாது, நாய்கள் ஜாக்கிரதை என்று அதில் எழுதியிருக்கிறது. அதை நின்று படித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, ஆனாலும் மணி பார்க்க மாட்டார்கள். தண்டவாளம் அடித்தால் ஆறு. அடிக்கவில்லையென்றால் இன்னும் ஆறாகவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படித்தான் பழக்கம்.

ரோட்டுப் பக்கத்து கேட்டைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். சும்மா தள்ளினால் கொண்டி விழுந்த மாதிரி சத்தம் கேட்கும், ஆனால் விழுந்திருக்காது. இரண்டு கையாலும் தூக்கி, தள்ளி, கொண்டி விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். காலனிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மாரிசெல்வியிடம் மூன்று முறை சொன்னேன்.

மாரிசெல்வி காலனியிலிருந்து மில்லுக்குப் போகிற பெண். முப்பது வயது இருக்கும். நல்ல பெண், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசாமல் போக மாட்டாள். ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் மில் வேன் ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு கையில் பை. முழங்கையால் கேட்டைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் ஏறினாள்.

சொக்கி அப்போது வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. பதினோரு வயசு. அல்லிக்கும் மாயனுக்கும் அம்மா. வயதாகிவிட்டதால் அதை நான் பகலில் அடைப்பதில்லை. கேட் இரண்டு சாண் திறந்திருந்திருக்கிறது. மாங்காய் ஏற்றிவந்த லாரி டிரைவர் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்ததாகச் சொன்னார். அடித்திருப்பார். எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சொக்கிக்கும் கேட்காது.

தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. வலி என்று சொல்ல முடியாது. கால் மரத்துப்போனால் தட்டிப் பார்ப்போமே, தட்டுவது தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மாரிசெல்வி சாயங்காலம் வந்து அழுதாள்.

"சாத்திட்டுத்தான் அண்ணாச்சி போனேன். கொண்டி விழுந்த சத்தம் கேட்டுச்சே" என்றாள்.

"சரி தாயி, போ. நீ என்ன வேணும்னா செஞ்ச" என்றேன்.

மறுநாள் முதலாளி வந்தார். "பாதைய அடச்சிருவோமா காசி?" என்று கேட்டார்.

"வேண்டாம் முதலாளி. புள்ளைகுட்டிக்காரங்க. அம்புட்டுத் தூரம் எப்பிடிச் சுத்திப் போவாக" என்றேன்.

என்னை இரக்கக்காரன் என்று அவர் நாலு பேரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கே எதையும் முடிவு செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுத வேண்டாம் அம்மா. பாதை திறந்தே இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஆடிப்பூரத்தன்று காலனியே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போயிருந்தது. காலையில் தேர் இழுத்து முடிந்ததும் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். மாரிசெல்வி மட்டும் வரவில்லை. இங்கே மடவார் வளாகத்தில் அவள் அக்கா வீடு இருக்கிறது, அங்கே சாப்பிட்டுவிட்டு வருவாள் என்று அவளோடு போன அனுசியா என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அனுசியாவும் காலனிதான், மாரிசெல்விக்கு அடுத்த வீடு. நான் கேட்காமலே சொன்னாள்.

ஆறு மணி ஆனது. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். நாய்களைத் திறந்துவிட்டேன். தண்டவாளத்தை அடிக்கவில்லை. போர்டில் ஆறு மணி என்றுதான் இருக்கிறது, தண்டவாளம் அடிக்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. இதை நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு இருபதுக்கு மினி பஸ் வந்து நின்றது. அவள் ஒருத்திதான் இறங்கினாள். தலை நிறையப் பூ, கையில் பால்கோவா பொட்டலம். நான் மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தேன். நாய்கள் அப்போது கிணற்றுப் பக்கம் இருந்தன. கேட்டுக்கு வெளியிலிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, அடிச்சாச்சா?"

"இன்னும் அடிக்கல தாயி, வா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அடிக்கவில்லைதான்.

உள்ளே வந்தாள். பொட்டலத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் கேட்டைத் தூக்கி, தள்ளி, கொண்டி விழுந்ததைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "செத்த நேரம் ஆனாலும் சரியாச் சாத்திட்டேன், பாத்துக்கோங்க" என்று சிரித்தாள். சொக்கி செத்த நாளிலிருந்து அவள் தினமும் அப்படித்தான் சாத்துகிறாள். நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அல்லியும் மாயனும் வளர்ந்த பிறகு அவளை ஒரு நாளும் பக்கத்தில் பார்த்ததில்லை, அவள் நடக்கிற நேரத்தில் அடைப்பில் இருக்கும். அதுகளுக்கு அவள் அந்நிய ஆள். அந்நிய ஆள் உள்ளே வந்தால் பிடிக்க வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். நின்ற இடத்தில் நின்றிருந்தால் சுற்றி நின்று குரைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பாதையில் கொஞ்ச தூரம் போனவள், அதுகள் வருவதைப் பார்த்ததும் திரும்பி கேட்டைப் பார்த்து ஓடினாள். நன்றாகச் சாத்திய கேட், அவசரத்தில் திறக்க வராது.

என்னைத்தான் கூப்பிட்டாள். அண்ணாச்சி என்று நாலைந்து முறை கேட்டது.

நான் நாய்களைத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன் என்று அனுசியா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது உண்மை. கத்தினேன், காலனி வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். ஆனால் அம்மா, அதுகள் சொக்கியின் குட்டிகள். இரண்டுக்குமே காது கேட்காது. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு தடவை வீசினால் எங்கே இருந்தாலும் ஓடிவந்து என் காலடியில் படுத்துவிடும். குட்டியிலிருந்தே அப்படித்தான் பழக்கம். துண்டு தோளில்தான் இருந்தது. அவள் சத்தம் நின்ற பிறகு எடுத்து வீசினேன். இரண்டும் உடனே வந்து படுத்தன. வெறி பிடித்த நாய் அப்படி வருமா என்று, ஊசி போடப் போகிற அந்த மாட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

நான் அவளைத் தொடவில்லை. ஆனால் கொன்றது நான்தான், நாய்கள் இல்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று சொல்கிறீர்கள். தெரியும். சின்னவளுக்கு ஷெரின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கேட்டில் ஏறி ஆடுவாள், இறங்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் ஏதாவது தோன்ற வேண்டும் என்று எனக்கும் தெரிகிறது. தோன்றவில்லை.

அல்லிக்குக் காலையில் கம்பங்கூழும் மோரும் போதும். மாயன் வேறு ஆள் சோறு வைத்தால் முதல் இரண்டு நாள் சாப்பிடாது, பயப்பட வேண்டாம். தோப்புக்கு வேறு காவல்காரர் வருவார், அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். துண்டு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.

அந்த கேட்டை ஏன் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். கீல் தேய்ந்து கேட் தொங்கிவிட்டது அம்மா, வேறொன்றும் இல்லை. பொங்கல் கழிந்த வாரமே முதலாளி புதுக் கீல் வாங்கிக் கொடுத்து மாட்டச் சொன்னார். அரை மணி நேர வேலை, மோட்டார் ரூமில் காகிதம்கூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிறவரிடம் முதல் வேலையாக அதை மாட்டச் சொல்லுங்கள், ஜனங்களை நம்ப முடியாது.