சீனி இல்லாத வீடு

எந்தப் பண்டத்தையும் வாயில் வைப்பதற்கு முன் அதன் உறையில் அச்சிட்டிருப்பதை ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள் கௌரி. பிறர் வாங்கிவந்த பண்டமானாலும் அப்படித்தான். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் அவள் ஊட்டச்சத்து அதிகாரியாக இருந்த அரசாங்க அலுவலகத்தில் அவளுக்குச் 'சீனி போலீஸ்' என்று பெயர் வழங்கிற்று. அதில் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சியே. ஊழியர்களின் உடற்பருமனைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, புத்தி சொன்னால் ஒருவரும் கேளார், போட்டி என்றால் ஓடிவருவர் என்று எண்ணி, பிரிவுக்குப் பிரிவு எடைக்குறைப்புப் போட்டி வைத்தவளும் அவளே. மறுநாள் காலை கடைசி எடை. கூடத்தில் எடைப்பொறியைச் சமனாக நிறுத்திக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி ஒலித்தது.

"ஹலோ... ஆமாக்கா, கௌரிதான்... காமாட்சியக்கா, மெதுவா. மெதுவாச் சொல்லுங்க, ஒண்ணும் புரியல... முத்தையா அண்ணனுக்கா?"

காமாட்சியின் கணவரான, கிடங்குப் பிரிவின் முத்தையாவைப்போல் பருத்தவர் அந்த அலுவலகத்தில் வேறு எவருமில்லை. குறைப்பதற்கு அவரிடந்தான் நிறைய இருந்தமையால் அப்பிரிவின் வெற்றி முழுவதும் அவரை நம்பியிருந்தது. "நம்ம வெற்றிக் கிண்ணம் உங்க வயித்துலதான்லா இருக்கு அண்ணே" என்று உடன் வேலை செய்வோர் சீண்டுவர், அவரும் சிரித்துவைப்பார். மாலையில் சூரசம்ஹாரம் பார்க்கத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று இன்று விடுப்பு எடுத்திருந்தார்.

"வேர்க்குதா... சட்டையெல்லாம் நனைஞ்சா... ஆமா, ஆமா, சொல்லுங்க. கை நடுங்குதா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாரா?... உளறுறாரா."

காலையில் அவர் என்ன உண்டார் என்று கேட்டாள். முந்தின இரவில் என்ன உண்டார் என்றும் கேட்டாள். சஷ்டி விரதம் என்பதை அறிந்தவுடன் அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. மனிதர் ஒரே பட்டினியை முருகனுக்கும் எடைப்பொறிக்கும் சேர்த்துக் கிடந்திருக்கிறார். அவருக்கோ நீரிழிவு நோய். இனிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்.

"அக்கா... இனிப்பு நீர் மாத்திரை போட்டாரா?... வழக்கம்போலவா. வெறும் வயித்துலயா... ஆமாக்கா, மாத்திரைய விடக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். சாப்பாட்டோடன்னு... சரி, சரி, அதெல்லாம் அப்புறம். உங்க ஃபிளாட்டு ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னாலதான? எந்த மாடி?"

கைப்பேசியைக் காதிலிருந்து விலக்காமலேயே, எதிரே நின்ற உதவியாளன் ஹக்கீமிடம் ஆம்புலன்சை அழைக்கும்படி மலாயில் சொல்லி, முகவரியையும் கொடுத்தாள்.

"ஆம்புலன்ஸ் வருதுக்கா. அதுவரைக்கும் நாம சும்மா இருக்கக் கூடாது. அண்ணனுக்கு ரத்தத்துல சீனி ரொம்ப இறங்கிடுச்சு. தண்ணியில நிறையச் சீனி கலக்குங்க. ஓடுங்க... போகலையா? ஏன்?... இல்லையா. ஒரு பொட்டுகூடவா?"

அப்பொழுதுதான் அவளுக்கு நினைவு வந்தது. போட்டியில் ஓர் அங்கம் 'சீனி இல்லாத வீடு'. அடுப்படியில் உள்ள சீனியைக் கொட்டிவிட்டுப் படம் அனுப்பினால் பிரிவுக்குக் கூடுதல் மதிப்பெண். பாத்திரம் கழுவும் தொட்டியில் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துச் சிரிக்கும் காமாட்சியின் படமே எல்லாவற்றிலும் சிறந்தது என்று, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவள் கௌரி. தேன் உண்டா, டின் பால் உண்டா, மைலோத் தூள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். அவள் கேட்டுக்கொண்டபடியே அந்த வீடு துப்புரவாக இருந்தது.

"பக்கத்து வீட்டு நூருல்?... பூட்டியிருக்கா... கீழே கடைக்கு வேணாம்கா. அவரத் தனியா விட்டுட்டு இறங்காதீங்க. கண்ணு திறந்திருக்கா?... பார்த்துக்கிட்டே இருங்க... அக்கா, சாமி மேடையில என்ன இருக்கு?... கோயில் பஞ்சாமிர்தமா. அது போதும், எடுங்க... ஏன்?"

மறுமுனையில் காமாட்சி விம்முவது கேட்டது. கௌரியும் விரதமிருக்கும் குடும்பத்தில் பிறந்தவள்தான். காரணத்தை அவளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

"தெரியும்கா. சூரசம்ஹாரம் முடியாம ஒண்ணும் தொடமாட்டேன்னு வேண்டியிருக்கார். தெரியும்... கேளுங்க. இந்த விரதத்த நான் முறிச்சதா இருக்கட்டும். பாவம் என் தலையில. எடுங்கக்கா."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

"எடுத்தாச்சா... நிமிர்த்தி உட்கார வைங்க, சுவத்துல சாய்ச்சு. பழம் வேணாம், பேரீச்சை வேணாம், அடைச்சுக்கும். பாகு மட்டும். விரலால கன்னத்துக்கு உள்பக்கம் தடவுங்க... முழுங்குறாரா? தொண்டையப் பாருங்க... இன்னும் கொஞ்சம். கொஞ்சம் கொஞ்சமா... முழுங்குறாரா அக்கா?"

வண்டி புறப்பட்டுவிட்டதென்று ஹக்கீம் சைகை காட்டினான். கௌரி தலையை மட்டும் அசைத்தாள். அவர் விழுங்கவில்லையானால் அதற்குமேல் சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. காமாட்சியின் மூச்சிரைப்பையும் எங்கோ ஓடிய மின்விசிறியின் கறகறப்பையும் கேட்டபடி, அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றாள். இடையிடையே, தடவுங்கள் என்றும் நிறுத்தாதீர்கள் என்றும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?... உங்களப் பார்க்குறாரா. பேரைச் சொன்னாரா... அழாதீங்க, அழாதீங்க. இப்ப ஒரு கரண்டி குடுங்க... ஏன் வாய மூடிக்கிறார்? ஃபோன அவர் காதுல வைங்க... அண்ணே, கௌரி பேசுறேன்... ம்... என்ன சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்க... நாளைக்கு எடை கூடிடுமான்னா கேக்குறீங்க?"

கௌரி எடைப்பொறிக்கு அருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நேரம் அவள் ஒருவருக்காகப் பயந்தாள். நேற்றுக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று மாடிப்படியில் ஒருத்தி பெருமையாகச் சொன்னதும், தான் அதற்குச் சிரித்ததும் இப்பொழுது நினைவுக்கு வந்தன. இந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார்களோ?

"சாப்பிடுங்கண்ணே. வாயத் திறங்க... இல்லண்ணே, உங்களால யாரும் தோக்கமாட்டாங்க... அக்கா, கதவத் தட்டுறாங்களா? திறங்க, திறங்க. மாத்திரைப் பட்டையக் கையோட எடுத்துக்குங்க, என்ன மாத்திரைன்னு டாக்டர் கேப்பாங்க. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வரேன்... இன்னும் அதையேவா கேக்குறார்?"

கௌரி எழுந்து, எடைப்பொறியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"அவர்கிட்ட சொல்லுங்கக்கா. நாளைக்கு எடை இல்ல... தள்ளி வைக்கலக்கா. போட்டிய நிறுத்துறேன். மேலிடத்துல நானே சொல்லிக்கிறேன்."