சிறகைக் காட்டிய விரல்

பல் கட்டுகிறவனுக்கு ஒரு நாளைக்கு நாலு வாய் வந்தால் பெரிய காரியம். மிச்ச நேரம் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கை எனக்குப் பிடிக்காது. அதனால்தான் விமானம் செய்யத் தொடங்கினேன்.

ஐயா, காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணைக்கு நீங்கள் தந்த படிவத்தில் சாட்சியின் வாக்குமூலத்துக்கு ஆறு கோடுகள்தான் விட்டிருக்கிறீர்கள். அது எனக்குப் போதாது. வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். என் பெயர் அழகரத்தினம். வயது ஐம்பத்து மூன்று. மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கடையறையில் பொய்ப்பல் கட்டுகிறேன். 2007ஆம் ஆண்டு காணாமல் போன ரதீஸ் என்னுடைய நண்பன். அவனுடைய தங்கை பிரஷாந்திதான் என்னைச் சாட்சியாக எழுதியிருக்கிறாள். அவனைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன் நான் என்று அவள் நினைக்கிறாள். அது உண்மைதான்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் லண்டனில் இருக்கும் என் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். மூன்று எஞ்சின் உள்ள பழைய பயண விமானம் ஒன்றின் மாதிரி. பெட்டியைத் திறந்தால் விமானம் இல்லை. நாலு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகள் இருந்தன. சூடாக்கிய தகட்டை அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சை அப்படியே கவ்விக்கொள்ளும். அப்படி எடுத்தவை. உடம்பின் இரண்டு பாதிகளும் சிறகுகளும் தகட்டில் புடைத்து நின்றன. பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, கத்தியால் கீறி, மடித்து உடைத்து, பிறகு ஈர சாண்ட் பேப்பரில் மணிக்கணக்காகத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் விமானம் மெலிந்துவிடும். குறையத் தேய்த்தால் பாதிகள் பொருந்தாது. என்னிடமும் அப்படிக் காற்றை உறிஞ்சும் சின்ன மெஷின் இருந்தது, பல் வேலைக்கு வாங்கியது. பெட்டியில் வந்த எஞ்சின்கள் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தபடியால், சாந்தில் அச்சுச் செய்து என்னுடைய மெஷினிலேயே புதிதாக எடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

சுனாமி வந்த அன்று வாவி என் கடைப் படிவரை வந்துவிட்டுப் போனது. ரதீஸின் ஊரான செட்டிபாளையத்தில் கடல் அப்படி விடவில்லை. அவனுடைய மனைவியையும் நாலு வயது மகளையும் கொண்டுபோனது. அவனுடைய வாயில் ஒரு பலகை அடித்து மேல் முன்பற்கள் இரண்டும் போயின. கட்டார் நாட்டில் விமானங்களின் உள்ளே துப்புரவு செய்யும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்தவன், லீவில் வந்த நேரம் அது நடந்தது. பிறகு அவன் திரும்பிப் போகவில்லை. தை மாதம் பல் கட்ட என்னிடம் வந்தான்.

வாயைத் திறந்து கதிரையில் இருந்தவன், மேசையில் கிடந்த விமான உடம்பைக் கண்டு எழுந்தே விட்டான்.

"இதில பின் கதவு பிழை அண்ணன். இன்னும் கொஞ்சம் பின்னால வரணும். உங்கட பிளேனில ஏறினா ஆக்கள் டொய்லட்டுக்குள்ளாலதான் இறங்கோணும்."

சிரித்தான். பல்லில்லாத வாயால் சிரித்தான். சுனாமிக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிரஷாந்தி பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் வந்தான். நான் ஒட்டி முடித்த சிறகைப் பிரித்து, நுனி சற்று மேலே பார்க்கும்படி மறுபடி ஒட்டவைத்தான். யன்னல்களை எண்ணித் துளை போட்டான். செத்துப்போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க மாட்டான். யன்னல்களைப் பற்றி நாள் முழுக்கக் கதைப்பான். எனக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. அவன் திருத்தங்களை ஒரு கொப்பியில் அளவோடு எழுதி, படமும் வரைந்து வைத்தான். முத்துப் போன்ற எழுத்து. விமானத்தை நிறுத்தி வைக்க ஒரு நிலம் வேண்டும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானம் நிற்கும் இடத்தை வரைந்து தா என்று நான்தான் கேட்டேன். ஏணி எங்கே வரும், எண்ணெய் பவுசர் லொறி எங்கே நிற்கும், வேலி எவ்வளவு தூரம் என்று ஞாபகத்திலிருந்து இரண்டு பக்கங்கள் வரைந்தான். அந்த யோசனை என்னுடையது என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

2007 மார்ச் கடைசியில் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு போட்டன. வானொலியில் கேட்டதும் மேசை லாச்சியைப் பூட்டினேன். அப்போது இங்கே எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டை நடந்த வவுணதீவுப் பக்கமிருந்து சனம் பாயும் பிள்ளையுமாக வந்துகொண்டிருந்தது. ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் வெள்ளை வான் ஒன்று தெருவில் மெதுவாக்கினால் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். என் லாச்சிக்குள் விமானப் படமும், கட்டுநாயக்காப் படமும், தூர அளவுகளும் கிடந்தன. தமிழில்.

எரித்திருக்கலாம். அடுப்பு நாலடி தள்ளித்தான் இருந்தது. ஆனால் செய்யாத திருத்தங்கள் இன்னும் பதினேழு அதில் இருந்தன. எரித்தால் அந்த அளவுகளை எங்கே போய்க் கேட்பது? அவனிடம் மறுபடி கேட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை பகல், ஒருவர் பல் கட்ட வந்தார். புலிகள் இயக்கத்திலிருந்து பிரிந்துவந்து இராணுவ முகாமோடு நின்ற ஆட்களில் ஒருவர். பெயர் நான் கேட்கவில்லை. கேட்க யாருக்குத் தைரியம் வரும்? இடுப்பிலிருந்த பிஸ்டலை எடுத்து என் மெழுகுக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து அவருடைய வாயில் வைத்தேன். அது இறுக மூன்று நிமிஷம் வேண்டும். அந்த நேரம் யாரும் கதைக்க முடியாது.

ஒரு நிமிஷம் போயிருக்கும். அவர் கையைத் தூக்கி யன்னல் பக்கம் விரலை நீட்டினார்.

அங்கே தட்டில் இடது சிறகு பெயின்ற் காய்ந்துகொண்டிருந்தது.

ஐயா, மாவு இறுக இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அவர் விரலை மடக்கவில்லை. இன்னொரு தடவை நீட்டினார். கண்ணைப் பெரிதாக்கினார். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வாயிலிருந்து மாவை எடுத்ததும் இவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பிறகு, கேட்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

"அது என்ட இல்ல," என்றேன். "ரதீஸ்ட. செட்டிபாளையத்து ஆள், சுனாமித் தற்காலிக வீட்டில இருக்கான். அவன்தான் பிளேன் கட்டுறவன்."

மாவை எடுத்தேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"ஃபேன இஞ்சால திருப்பச் சொன்னன். வேர்த்து ஒழுகுது," என்றார். சிறகுக்குப் பக்கத்தில் மேசை ஃபேன் நின்றது. பெயின்ற் காய்வதற்காக நான்தான் அதை அங்கே திருப்பி வைத்திருந்தேன். பிறகு அவர் கேட்டார், "என்ன பிளேன்?"

எழுந்து போய்ச் சிறகைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிரித்தார்.

"இது விளையாட்டுச் சாமான்தானே ஐயா. நீங்க ஏன் இப்பிடி நடுங்குறீங்க?"

அதோடு அது முடிந்திருக்கும். முடிந்திருக்கும் என்று இப்போது எழுதுவது சுலபம். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் இன்னும் பயமாக இருந்தது. இவர் முகாமுக்குப் போய், இராத்திரி யோசித்து, பல் வைத்தியன் ஏன் நடுங்கினான் என்று திரும்பி வந்தால் என்ன செய்வது?

"கொப்பியும் இருக்கு," என்றேன். "கட்டுநாயக்காப் படமும் கீறி வெச்சிருக்கான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். சிறகை இருந்த இடத்தில் மெதுவாக வைத்தார்.

"எடுத்து வைங்க. செவ்வாய்க்கிழமை பல்லுக்கு வருவன்தானே."

வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையில் நாலு நாள் இருந்தன. அந்த நாலு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. பதினேழு திருத்தங்களையும் அளவு பிசகாமல் இன்னொரு தாளில் பார்த்து எழுதினேன். கொப்பியில் நான் பென்சிலால் எழுதியிருந்த இடங்களை ரப்பரால் அழித்தேன். ஒரு பக்கத்தில் பேனையால் எழுதியிருந்தேன், அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆம், அடுப்பில்தான்.

சனிக்கிழமை வழமைபோல் ரதீஸ் வந்தான். பிரஷாந்தி சமைத்துக் கொடுத்த மீன் கறியும் சோறும் கொண்டுவந்தான். இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு, நான் பார்த்து எழுதியதில் பிழை இருக்குமோ என்று கொப்பியை அவன் கையில் கொடுத்து, ஒவ்வொரு அளவாக வாசிக்கச் சொன்னேன். அவன் வாசித்தான். நான் சரிபார்த்தேன். இரண்டு பிழை இருந்தன.

"என்ன அண்ணன், ஒரு தாள் கிழிஞ்சு கிடக்கு?"

"மெழுகு பட்டிட்டு."

"உங்கட முகம் நல்லா இல்ல. காய்ச்சலா?" என்று என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "படுங்க. அடுத்த சனி மறுகா வாறன்," என்று சொல்லிப் போனான். அவனை நான் கடைசியாகக் கண்டது அப்போதுதான். உங்கள் படிவத்திலுள்ள கேள்விக்கு இதுவே பதில்.

சொல்லியிருக்கலாம். 'ஓடு' என்ற ஒரு சொல் போதும். சொன்னால் அவன் ஓடுவான். ஓடினால் யார் சொன்னது என்று என்னிடம் வருவார்கள். அவனுக்கு இழக்க இனி ஒருவரும் இல்லை, எனக்கு உயிர் இருக்கிறது என்று அன்று பின்னேரம் யோசித்தேன். பிரஷாந்தியை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் மறதி.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். பல் அச்சொட்டாகப் பொருந்தியது. ஒரு இடத்தில்கூடத் தேய்க்க வேண்டி வரவில்லை. கொப்பியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். புதன்கிழமை பகல் செட்டிபாளையத்தில், தற்காலிக வீட்டின் வாசலில் வைத்து ரதீஸை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை பிரஷாந்தி என்னிடம்தான் ஓடிவந்தாள். "எனக்கு ஆரத் தெரியும் அண்ணன், நீங்கதான் ஒரு வழி சொல்லணும்," என்று தரையில் இருந்து அழுதாள். நான் வழி சொன்னேன். முறைப்பாடுகளை எழுதிக் கொடுத்தேன். எந்த முகாமுக்குப் போனாலும் கூடப் போனேன். மூன்று வருஷத்தில் நான் போகாத வாசல் இல்லை. ஊரில் என்னைப் பற்றி நல்லவிதமாகக் கதைக்கிறார்கள். அவனுடைய அடையாள அட்டை இலக்கம் எனக்கு என்னுடையதைவிட நன்றாக மனப்பாடம். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு வாசலிலும் நான் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதைத் திறந்துகொண்டு அவன் வந்து நிற்பானோ என்ற பயம். வந்தால் என் முகத்தைப் பார்த்து முதலில் என்ன சொல்வான்?

சண்டை முடிந்த 2009ஆம் வருஷம், கார்த்திகை மாதம், வவுனியாப் பக்கம் ஒரு தடுப்பு முகாமில் இருப்பவர்களின் பட்டியல் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். உரியவர்கள் வந்து கையெழுத்து வைத்தால் பார்க்க விடுவார்களாம். சுவர் முழுக்கத் தாள். பிரஷாந்தி எப்போதும் பட்டியலைப் பார்க்க மாட்டாள். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொள்வாள். "எனக்குப் பயம் அண்ணன், நீங்க பாருங்க," என்பாள்.

நாலாவது தாளில் அவன் இருந்தான். பெயர், தகப்பன் பெயர், செட்டிபாளையம், இலக்கம். இலக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

"இல்ல," என்றேன்.

பெயரும் இலக்கமும் ஒத்துப்போனாலும் ஆள் வேறாக இருக்கலாம். இப்படிப்பட்ட பட்டியல்களில் பிழை வருவது சகஜம். இல்லாத நம்பிக்கையைக் கொடுத்து அந்தப் பிள்ளையை வதைக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அன்று பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஊர் வந்து சேரும்வரை அசையாமல் இருந்தேன்.

போன கிழமை அந்த முகாமிலிருந்து விடுதலையான ஒருவர் அவளைத் தேடி வந்தார். ரதீஸ் ஆறு மாதம் தன்னோடு இருந்ததாகவும், ஒவ்வொரு நாளும் தங்கச்சி வருவாள் என்று வாசலைப் பார்த்ததாகவும், கேட்டு ஒருவரும் வராதபடியால் வேறெங்கோ கொண்டுபோனதாகவும், அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். பிரஷாந்தி என்னிடம் வந்து கேட்டாள்.

"நாம பாத்த பட்டியல்ல இல்லயே அண்ணன். நீங்க வடிவாப் பாத்தீங்கதானே?"

"வடிவாப் பாத்தன்," என்றேன். அது பொய்யில்லை.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவன் எங்கேயாவது உயிரோடு இருந்து சொல்வதற்கு முன் நானே சொல்வது நல்லது என்று பட்டது. நான் கெட்டவன் இல்லை, ஐயா, பயந்தவன். பிரஷாந்தி வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தாள்களின் பிரதி ஒன்று அவளுக்கும் கொடுப்பீர்கள் என்று அறிகிறேன். கொடுங்கள். தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவள் அதை என்னிடம்தான் நீட்டுவாள். வேறு யாரையும் வாசிக்க விட வேண்டாம். எதை வாசிப்பது, எதை விடுவது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் மனம் நோகக் கூடாது.