ஜோடி மாறிய நர்ஸின் ஃபைல்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது முப்பத்தொன்று. திருமணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அக்காவின் கணவர் நடத்தும் டிஎன்ஏ பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கூடத்தில் அவரை சார் என்றும் வீட்டில் அத்தான் என்றும் கூப்பிடுவேன். கூடத்து இயந்திரத்தின் டிஸ்க்கைத் திருடியதாக என் மேல் புகார் வந்துள்ளது. எடுத்தது நான்தான். அதை மறுக்க நான் வரவில்லை. ஏன் எடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், இன்ஸ்பெக்டர் சம்மதித்தார்.

ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தை கிருமி தாக்கி இறந்துபோனது. அந்தக் குழந்தையின் ரத்தமும், வார்டு நர்ஸின் கையையும் மற்ற ஊழியர்களின் கைகளையும் துடைத்தெடுத்த பஞ்சுகளும் சோதனைக்காக எங்களிடம் வந்தன. எங்கள் இயந்திரம் ஒவ்வொரு மாதிரியிலும் உள்ள டிஎன்ஏ துண்டுகளை இரண்டு முனைகளிலிருந்தும் படிக்கும். முன்முனையில் படித்தது ஒரு ஃபைல், பின்முனையில் படித்தது இன்னொரு ஃபைல். மென்பொருளில் ஏற்றும்போது முன் ஃபைல்களை இடது பக்கமும் பின் ஃபைல்களை வலது பக்கமும் அடுக்க வேண்டும். மேலிருந்து கீழாக அது ஜோடி சேர்த்துக்கொள்ளும்.

அன்று நான் அக்கா மகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி நிர்வாகம் விடாமல் போன் செய்ததால் சார் தாமே ஃபைல்களை ஏற்றியிருக்கிறார். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் நர்ஸின் பின் ஃபைல் மட்டும் இயந்திரத்திலிருந்து வந்து சேரவில்லை. வலது பக்கம் ஒன்று குறைந்தது. அதன் பிறகு அவர் இடது பக்கத்தின் கடைசி ஃபைலை நீக்கி எண்ணிக்கையைச் சமமாக்கியிருக்கிறார். அது வெறும் தண்ணீரின் ஃபைல், சோதனை சுத்தமாக நடந்ததா என்று பார்க்க நாங்களே சேர்ப்பது. சட்டைப் பொத்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டது போல எல்லாம் நழுவி, நர்ஸின் முன் ஃபைலோடு வரிசையில் அடுத்து இருந்த குழந்தையின் பின் ஃபைல் சேர்ந்துவிட்டது. குழந்தையின் கிருமி நர்ஸின் கையில் இருந்ததாக ரிப்போர்ட் போனது. நர்ஸைக் கைது செய்ததை நான் டிவியில்தான் பார்த்தேன்.

அதன் பிறகு கூடத்துக்குப் போய் ஏற்றிய வரிசையைத் திறந்து பார்த்தேன். சாரிடம் போய், "ஜோடி மாறிப்போச்சு சார். பேரு ஒத்துப்போகலைன்னு அது எச்சரிச்சிருக்குமே?" என்று கேட்டேன். "அது எப்பப் பாத்தாலும் அப்படித்தான் கத்தும்" என்றார். இது உண்மை. எங்கள் இயந்திரம் ஃபைல்களுக்கு வைக்கும் பெயரைப் பார்த்து மென்பொருள் தினமும் அப்படி எச்சரிக்கும், நாங்களும் தினமும் 'தொடர்க' என்பதை அழுத்துவோம். நானும் அழுத்தியிருக்கிறேன்.

நர்ஸின் பின் ஃபைல் இயந்திரத்தின் டிஸ்க்கில் மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த சோதனையைத் தொடங்கினால் அதுவும் அழிந்துவிடும். சார் உடனே இயந்திரம் ஓட்டுபவரைக் கூப்பிட்டு அடுத்ததைத் தொடங்கச் சொன்னார். "அத்தான், வேணாம்" என்றேன். கூடத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இது வெளிய தெரிஞ்சா கூடத்த இழுத்து மூடிடுவாங்க. உங்க அக்கா நடுத்தெருவுல நிப்பா. புரியுதா?"

புரிந்தது. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குக் கோபத்தைவிட அருவருப்புதான் அதிகமாக இருந்தது. அதன் பிறகு அவருக்குப் போன் வந்து வெளியே போனார். இயந்திரம் ஓட்டுபவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. அவர் என்னைப் பார்க்காமலே, "நான் டீ குடிச்சிட்டு வரேன், சீக்கிரம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் டீ குடித்ததற்கும் டிஸ்க்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தனியாக எழுதிக்கொள்ளவும். நான் இயந்திரத்தை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, சாப்பாட்டு டப்பாவோடு கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். வாசலில் சார் என்னைப் பார்த்து, "சாப்பிடவா?" என்றார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு மாடியில் என் லேப்டாப்பில் எல்லா ஃபைல்களையும் அதனதன் ஜோடியோடு ஏற்றிப் பார்த்தேன். நர்ஸின் கையில் அந்தக் கிருமி இல்லை. குழந்தைக்கு அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் கையிலிருந்து என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. டிஸ்க்கில் நான் எதையும் மாற்றவில்லை. என் பேச்சை நம்ப வேண்டாம், வேறு கூடத்தில் கொடுத்துத் திறந்து பார்க்கவும்.

அதன் பிறகு டிஸ்க்கோடு நானேதான் இங்கே வந்தேன். எனக்கு முன்பே புகார் வந்திருந்தது. உள்ளே வரும்போது அந்த நர்ஸைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புகாரை இன்ஸ்பெக்டர் காட்டினார். கூடம் அக்கா பெயரில் இருப்பதால் அதில் கையெழுத்திட்டிருப்பவள் அக்கா. அது அவளுடையதுதானா என்று கேட்டார். ஆம், அவளுடையதுதான். எனக்கு எழுதப் பழக்கியவள் அவள், அதனால் எங்கள் இருவர் கையெழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். புகாரில் உள்ளது அவளுடையது, இங்கே உள்ளது என்னுடையது. தயவுசெய்து மாற்றிவிட வேண்டாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நான் சொன்னது உண்மை. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(கையொப்பம்)