மஞ்சள் கோடு

காப்பி ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது. இது ஆறிவிட்டது, பரவாயில்லை. விசாரணைக்கு நீங்கள் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கர்ட் லிண்ட்ஹோம் என் துப்பாக்கிப் பட்டறைக்கு முதலில் வந்தது மூன்று வருடத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை. எங்கள் ஷெரிஃபிடம் தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிற ஆள் அவன் ஒருவன்தான். அவனுடைய துப்பாக்கியில் முன்கைப்பிடி போல்ட்டுகளால் உடலோடு சேரும் இடம் லேசாக ஆடியது. அந்த மூட்டு கல் மாதிரி இருக்க வேண்டும். ஆடினால், மணல்மூட்டையில் வைத்துச் சுடும்போது ஒன்றும் தெரியாது. கம்பத்தில் அழுத்திச் சுட்டால் குண்டு விலகும்.

அரை மணி நேர வேலை. செய்துகொண்டே பேசினோம். என் மனைவி மார்லிஸ் என்னை விட்டுப் போன பிறகு ஒரு மனிதர் என் எதிரே உட்கார்ந்து சிரித்தது அன்றுதான். இறுக்கி முடித்தால் இவன் இனி வரமாட்டான் என்று தோன்றியது. ஆகவே பாதியில் நிறுத்தினேன். வழக்கம்போல ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் உடல்வரை மஞ்சள் கோடு இழுத்தேன். கோடு உடையாமல் இருந்தால் ஷெரிஃபின் ஆட்கள் அந்த போல்ட்டைத் தொடவே மாட்டார்கள். போல்ட் திரும்பவில்லை என்று மட்டும்தான் கோடு சொல்லும். இறுகியிருக்கிறது என்று அது சொன்னதே இல்லை.

அடுத்த வியாழன் வந்துவிட்டான்.

“யோவ் ஆர்லன், மூட்டை மேல வெச்சா பொட்டுல அடிக்குது, கம்பத்துல அழுத்துனா இடதுபக்கம் ஓடுது. என்ன கூத்துய்யா இது?”

“கோடு அப்படியே இருக்குல்ல? அப்புறம் துப்பாக்கி மேல ஏன் பழி போடற? உன் கைதான் மக்கர் பண்ணுது.”

“என் பொண்டாட்டியும் இதேதான் சொல்றா. ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்களா?”

பிறகு எல்லா வியாழனும் பட்டறைக்குப் பின்னால் பயிற்சி, அப்புறம் ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்து நான் அடுப்பில் சுட்ட பை என்கிற பலகாரம். கை நடுங்காமல் இருக்கக் காப்பியை விட்டான். கண் டாக்டரிடம் போனான். போன வசந்தத்தில் ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்தான்.

“இந்தப் பொறுப்ப விட்டுடறேன், ஆர்லன். ஒருநாள் என் கையால யாராவது அநியாயமாப் போயிடுவாங்க.”

“சும்மா கெட. இன்னும் நாலு வியாழன் வா, சரியாயிடும்.”

பொறுப்பை விட்டால் அவனுக்கு என்னிடம் வர என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்.

நவம்பரில் அந்தப் பண்ணை வீட்டு ஜன்னலில் ஒருவன் நோரீன் ஸ்காக்ஸின் கழுத்தில் கத்தி வைத்து நின்றானே, அன்று கர்ட் வேலிக்கம்பத்தில் அழுத்தித்தான் சுட்டான். குண்டு நான்கு விரற்கடை இடதுபக்கம் போனது. அங்கே நோரீன் இருந்தாள்.

உங்கள் ஆட்கள் மணல்மூட்டையில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், துப்பாக்கியில் பழுதில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அவளைக் கொன்றது நான். எழுதியாயிற்றா? இதைக் கர்ட்டிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தன் கைதான் கொன்றது என்று மூன்று வாரமாகக் கதவைத் திறக்காமல் கிடக்கிறானாம், பாவம். அவன் கையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் மனசு ஆறிவிடும்.

நாளை வியாழன். பை சுட்டு வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை. விஷயம் தெரிந்ததும் நேராக என்னிடம்தான் வருவான்.