குளக்கட்டில் கடைசிப் பாட்டு

திறந்தவெளி அரங்கில் பாடுகிறவருக்கு முதலில் காற்றோடு பழக்கம் வேண்டும், ஐயா. மாங்குளத்தில் பின்னேரக் காற்று குரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிற எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எங்கள் ஊர்ச் சனம் சேர்ந்து மேடையேற்றிய இசை நாடகங்கள் எல்லாவற்றிலும் நான்தான் கதாநாயகி.

இந்த வருட நாடகம், குளம் கட்டிய ஓர் அரசியின் கதை. ஒத்திகை தொடங்கிய பிறகு பழனியாண்டியின் மகள் தனுஷா வந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அவளுக்கு ஒரு ராகத்தின் பெயர்கூடத் தெரியாது. வாயைத் திறந்தாள், நாடகத்தை நெறிப்படுத்திய கதிர்காமநாதன் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்க மறந்து நின்றார்.

"நேசமலர் டீச்சர், அரசியை இந்தப் பிள்ளை பாடட்டும். நீங்கள் பின்னுக்கு நிண்டு கோரஸைப் பாருங்கோ," என்றார்.

"ஓம், அதுதான் நல்லது," என்றேன். பாட்டுகளை நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் மூச்சுப் பிடித்து ஏறுகிற இடத்தில் அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். வீட்டுக்கு வந்தால் சமைக்க மனம் வராது. வேறொன்றும் இல்லை.

மேடையில் மரத்தால் ஒரு குளக்கட்டு, இரண்டு ஆள் உயரம். கடைசிப் பாட்டை அரசி அதன் உச்சியில் நின்று பாடவேண்டும். நாடகத்தன்று, அதைச் செய்த ரூபன் என்னிடம் வந்தான்.

"அக்கா, மேலை இடப்பக்கப் பலகை சரியா இறுகேல்லை. நடுவிலையே நிக்கச் சொல்லித் தனுஷாவிட்டைச் சொல்லிவிடுங்கோ."

சொல்லுகிறேன் என்றேன். அவளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே சொன்னேன்: "கடைசிப் பாட்டுக்கு இடப்பக்கம் தள்ளி நில்லும். அங்கைதான் வெளிச்சம் முகத்திலை விழும்."

"சரிங்க டீச்சர்," என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பாட்டின் இரண்டாவது அடியில் பலகை விட்டது. அவள் கட்டுக்குப் பின்பக்கமாக விழுந்தாள். அரசி குளத்துக்குள் இறங்கிவிட்டாள் என்று சனம் நினைத்தது. நாடகத்தை நிறுத்தச் சொல்லி ரூபன் கையைக் காட்டினான். நான் மைக்கை எடுத்துக்கொண்டு முன்னே போய், அவள் விட்ட அடியிலிருந்து பாடினேன். சரணங்கள் எல்லாவற்றையும் பாடினேன். ஒருவரும் எழும்பவில்லை. அவளை ஏற்ற வந்த வாகனம் கூட்டத்துக்குப் பின்னால் வழியில்லாமல் நின்றது.

கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று வைத்தியர் சொன்னாராம். இருக்கலாம். பலகை விடும் என்று தெரிந்துதான் அவளை அங்கே நிற்கச் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டை ஏன் நிறுத்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பாதியில் நின்றிருந்தால் அந்தப் பிள்ளைக்குத்தானே ஐயா அவமானம்?